கூடைக்காரி ஆலப்புழை போன கதை

ராயபுரம்
மே 20

அன்புள்ள ஒல்லி,

எட்டு மாதமாகக் கடிதம் போடவில்லை. திட்டு. திட்டி முடித்தாயா? சரி. வீட்டில் எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி, எனக்குத் தொப்பை. ஜூன் 14 வரை மீன்பிடித் தடை. காசிமேட்டில் வஞ்சிரம் விலையைக் கேட்பதோடு சரி, வாங்கி வருவது கருவாடுதான்.

என் புத்தகம் வந்துவிட்டது. சந்தோஷப்படாதே, முதலில் அட்டையைக் கேள்.

1985இல் எரிவதற்கு முன்பு மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் நின்றுகொண்டு எத்தனை அட்டைகளைப் பார்த்துச் சிரித்திருப்போம்! அந்த மூன்று கை நாயகி விட்ட சாபம்தான் இது. கதை முழுக்கக் காசிமேடு. ஏல இரைச்சல், ஐஸ் தண்ணீர், டீசல் வாடை. அட்டையில் இருப்பதோ கேரளத்துக் காயலில் மிதக்கும் படகு வீடு. அதன் பின்னால் மாம்பழ நிறத்தில் சூரியன் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. நம் கடலில் சூரியன் இறங்கி என்றைக்காவது பார்த்திருக்கிறாயா?

தலைப்பு 'கூடைக்காரி'. தட்டச்சில் ஐகாரக் குறி டகரத்துக்குப் பின்னால்தான் வரும். அதைத் தூக்கி முன்னால் வைப்பது மென்பொருளின் வேலை. இவர்களிடம் இருந்த மென்பொருளுக்குத் தமிழ் தெரியாது போல. ஐகாரம் நழுவி, பக்கத்துவீட்டுக் ககரத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஓவியர் ஆதிமூலம் எழுதிய தலைப்பெழுத்துகளுக்காகவே புத்தகம் வாங்கியவர்கள் நாம். நமக்கா இந்தக் கதி?

புத்தகத்தின் முதுகு இன்னும் மோசம். கடைசி நேரத்தில் மெல்லிய தாளுக்கு மாறியிருக்கிறார்கள். தாள் மெலிந்தால் முதுகும் ஒடுங்கும் அல்லவா, அதை யாரும் திரும்பக் கணக்குப் பார்க்கவில்லை. என் பெயரில் பாதி முன்னட்டைக்கு வழிந்துவிட்டது. பின்னட்டையில் என் பாஸ்போர்ட் படத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் போட்டிருக்கிறார்கள். அதை மட்டும் குறை சொல்ல முடியவில்லை, தொப்பைக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

பதிப்பாளரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "சார், கடல்னு சொன்னீங்க, தண்ணி வெச்சிருக்கோமே" என்றார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம், ஒல்லி. ஞாயிற்றுக்கிழமை ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன். அதேதான், நமக்குக் கடனில் சங்கரா கொடுத்த அக்கா. தலைப்புக் கதை அவருடையது. அவருக்குப் படிக்கத் தெரியாது என்பது அங்கே போய் நின்ற பிறகுதான் எனக்கு உறைத்தது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். அட்டையை ரொம்ப நேரம் பார்த்தார். "இது எந்த ஊரு நைனா?" என்றார்.

நம்ம ஊர்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உள்ளே நான் எழுதிய எதுவும் அவருக்கு இல்லை. அவருக்கு அந்த அட்டை மட்டும்தான் புத்தகம். இரண்டு நாளாகத் தூக்கம் சரியில்லை.

முதலில் அடித்தது 300 பிரதிதான். தீர்ந்ததும் அட்டையை மாற்றிக்கொள்ளலாம் என்று பதிப்பாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார், செலவு என்னுடையது. காலடிப்பேட்டைச் சுவரையெல்லாம் எழுதித் தீர்த்த கை உன்னுடையது. அக்காவை வரைந்து அனுப்பு. கறுப்புக் கோடு போதும், வண்ணம் வேண்டாம். எழுத்தையும் நீயே கையால் எழுதிவிடு, எந்த மென்பொருளும் கிட்டே வரக்கூடாது.

கூடைக்கு அடியில் சும்மாடு இருக்கட்டும். அதை விட்டுவிட்டாய் என்றால் உன் படத்தையும் பார்த்து எந்த ஊர் என்றுதான் கேட்பார்.

உன்
தொப்பை