பெயர் இல்லாத மாத்திரை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலக் காய்ச்சல் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கொசு, தேங்கிய தண்ணீர், காய்ச்சிய குடிநீர் எல்லாவற்றையும் சரியாகவே சொல்லியிருந்தீர்கள். ஆனால் காய்ச்சல் வந்ததும் சென்னையில் பலரும் முதலில் போய் நிற்கும் மெடிக்கல் ஷாப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். அந்த விட்டுப்போன வரியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

"காய்ச்சல், உடம்பு வலி, தொண்டை கரகரப்பு. ரெண்டு வேளைக்குக் கொடுங்க" என்றால் போதும். கடைக்காரர் நாலைந்து அட்டைகளை எடுத்துக் கத்தரியால் வெட்டுவார். சில கடைகளில் அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கியே எடுத்துவிடுகிறார்கள். உள்ளங்கை அகலப் பேப்பர் கவரில் போட்டு, மேலே பேனாவால் 'கா', 'இ' என்று எழுதிக் கொடுப்பார்கள். உள்ளே ஒரு பாரசிட்டமால், ஒரு சளி மாத்திரை, ஒரு அல்சர் மாத்திரை, அதோடு பெரும்பாலும் பாக்டீரியாவை ஒழிக்கும் ஓர் ஆன்டிபயாட்டிக் இருக்கும். சில சமயம் ஸ்டீராய்டும் இருக்கும். எது எது என்று வாங்கியவருக்குத் தெரியாது. மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், காலாவதித் தேதி, டாக்டர் சீட்டு இல்லாமல் சாப்பிடக் கூடாது என்பதற்கான சிவப்புக் கோடு எல்லாம் அட்டையோடு கடையிலேயே தங்கிவிடுகின்றன. கடைகளை மட்டும் சொல்வதும் நியாயமில்லை. கிளினிக்கிலேயே டப்பாவிலிருந்து மாத்திரை எண்ணிக் கொடுக்கும் டாக்டர்களும் பெயர் எழுதித் தருவதில்லை.

இதன் விளைவை கேஷுவாலிட்டியில் நேரில் பார்த்தவள் நான். ஒருமுறை நடுத்தர வயது அம்மா ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உதடும் கண் இமையும் வீங்கி, உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அட்ரினலின் ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்து, ஒரு வழியாகக் காப்பாற்றினோம். என்ன சாப்பிட்டார் என்று கேட்டதும் அவருடைய வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினார். உள்ளே இரண்டு மாத்திரை மிச்சம் இருந்தது. ஒன்றிலும் பெயர் இல்லை. "கடைல குடுத்தாங்க சிஸ்டர், அவ்ளோதான் தெரியும்" என்றார். ஒரு மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கேஸ் ஷீட்டின் மேலேயே சிவப்பு மையில் அந்த மருந்தின் பெயரை எழுதுவோம். அந்த அம்மாவுக்கு எந்தப் பெயரை எழுதுவது? பென்சிலின் குடும்பம் என்று தெரிந்திருந்தால் அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளாக்சாசிலின் எதையும் கொடுக்க வேண்டாம் என்று எச்சரித்து அனுப்பியிருக்கலாம். 'ஏதோ ஒரு மாத்திரை ஒவ்வாமை' என்று எழுதித்தான் அனுப்ப முடிந்தது. அடுத்த காய்ச்சலுக்கு அதே மாத்திரை அவர் கைக்கு வராது என்று யாரால் சொல்ல முடியும்?

ஒவ்வாமை ஒரு பக்கம். காய்ச்சலோடு வருகிறவருக்கு டைபாய்டோ என்று சந்தேகம் வந்தால், ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன் ரத்தம் எடுத்து, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். ஏற்கெனவே நாலு வேளை ஆன்டிபயாட்டிக் உள்ளே போயிருந்தால் கல்ச்சரில் கிருமி வளராமலே போகலாம். நோய் இருக்கும், ரிப்போர்ட்டில் இருக்காது. கிளிமிபிரைடு மாதிரி சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நம் ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். அதோடு லீவோஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக் சேர்ந்தால் சிலருக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். வயதானவர்களுக்கு இதே வகை மருந்தால் குதிகால் தசைநார் அறுந்துபோவதும் உண்டு. விட்டுவிட்டு வரும் இருமலுக்கு லீவோஃப்ளாக்சசின் கொடுத்தால் காசநோய்கூடக் கொஞ்ச நாள் அடங்கின மாதிரி தெரியும். அந்த இடைவெளியில் வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கும் தொற்றிவிடும். இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குத் தேவை சளிப் பரிசோதனை. அது அரசு மருத்துவமனையில் இலவசம்.

ஆன்டிபயாட்டிக் கெட்டது என்று நான் சொல்லவில்லை. அது இல்லாத காலத்தில் பிரசவ ஜன்னிக்கும் நிமோனியாவுக்கும் எத்தனை உயிர்கள் போயின! மழைத் தண்ணீரில் நடப்பதால் வரும் எலிக்காய்ச்சலுக்கும், பூச்சிக்கடியால் வரும் ஸ்க்ரப் டைபஸுக்கும் அதுதான் மருந்து. ஆனால் ஸ்க்ரப் டைபஸுக்கு டாக்சிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் வேண்டும். கடையில் வழக்கமாகக் கொடுக்கும் செஃபிக்சிம் அதற்குக் கேட்காது. டெங்கு, ஃப்ளூ, சாதாரண ஜலதோஷம் மூன்றும் வைரஸால் வருகிறவை. அவற்றை எந்த ஆன்டிபயாட்டிக்கும் ஒன்றும் செய்யாது. மூன்றாம் நாள் காய்ச்சல் தானாக இறங்கும்போது மாத்திரைதான் இறக்கியது என்று நினைத்துக்கொள்கிறோம். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் அந்த நேரம்தான் கவனமாகப் பார்க்க வேண்டிய நேரம். மாத்திரை வேலை செய்துவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடுவது பெரிய ஆபத்து.

இந்த விஷயத்தில் சென்னைக்கு ஒரு தனிப் பொறுப்பு இருப்பதாக நினைக்கிறேன். 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம்தான், சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் படுக்காமல் வீட்டிலேயே மருந்து சாப்பிட்டாலும் காசநோய் குணமாகும் என்று 1959-ல் உலகத்துக்குக் காட்டியது. அந்த ஆய்வில் ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் நோயாளியின் வீட்டுக்கே போய் மிச்ச மாத்திரையை எண்ணிப் பார்த்தார்கள். அவ்வளவு அக்கறையாக மாத்திரையைப் பின்தொடர்ந்த ஊர் இது. 2010-ல் கார்பபெனம் என்ற உயர்ரக ஆன்டிபயாட்டிக்குக்கே அடங்காத, என்.டி.எம்.-1 என்ற நொதி உள்ள கிருமிகளைப் பற்றி லான்செட் என்ற மருத்துவ இதழ்க் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் வந்த கட்டுரையிலும் சென்னை மாதிரிகள் இருந்தன. சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி அதன் முதல் ஆசிரியர். 2012-ல் மருத்துவ அமைப்புகள் இங்கே கூடி 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டன. ஆன்டிபயாட்டிக் விற்பனையைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது அதில் முக்கியமான கோரிக்கை. 2014 மார்ச்சில் ஷெட்யூல் எச்1 என்ற மருந்து விற்பனை விதி அமலுக்கு வந்தது. செஃபிக்சிம், லீவோஃப்ளாக்சசின் உள்ளிட்ட மருந்துகளை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் பெயர், எண்ணிக்கை எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். சட்டம் இருக்கிறது. பேப்பர் கவரும் இருக்கிறது.

உலக அளவில் 2019-ல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் நேரடியாக இறந்தவர்கள் சுமார் 12.7 லட்சம் பேர் என்று 2022-ல் லான்செட்டில் கணக்கு வந்தது. ஐ.சி.யூ.வில் கல்ச்சர் ரிப்போர்ட் வந்து, வரிசையாக எல்லா மருந்துக்கும் நேரே 'ஆர்' என்று இருக்கும்போது டாக்டரின் முகம் எப்படி மாறும் என்று பார்த்தவர்களுக்கு இந்த எண்ணிக்கையை விளக்க வேண்டியதில்லை. 'ஆர்' என்றால் அந்த மருந்துக்கு அந்தக் கிருமி அடங்காது என்று அர்த்தம்.

ஏன் கடைக்குப் போகிறீர்கள் என்று மக்களைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. தினக்கூலிக்குப் போகிறவர் அரை நாள் வேலையை விட்டுவிட்டு ஓ.பி. வரிசையில் நிற்க முடியாது. கிளினிக் ஃபீஸ், டெஸ்ட், மருந்து எல்லாம் சேர்ந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். மாநகராட்சியின் நகர்ப்புற நலவாழ்வு மையங்களில் மாலையிலும் இலவசமாக டாக்டரைப் பார்க்கலாம். இது எங்கள் தெருவிலேயே பலருக்குத் தெரியவில்லை. வார்டு வாரியாக எந்த மையம் எங்கே இருக்கிறது, எந்த நேரம் திறந்திருக்கும் என்று உங்கள் இதழில் ஒரு பக்கம் போட்டால் பேருதவியாக இருக்கும்.

மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் நான் கேட்பது கஷ்டமான காரியம் இல்லை. எச்1 பதிவேட்டைத் திடீர்ச் சோதனையில் பாருங்கள். பிதுக்கி எடுத்த மாத்திரையை எந்தக் கடையும் கிளினிக்கும் பெயர் எழுதாமல் கொடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். கேரளத்தில் ஆன்டிபயாட்டிக்கை எச்சரிக்கை வாசகத்தோடு நீல நிறக் கவரில் கொடுக்க வேண்டும் என்று 2024-ல் ஏற்பாடு செய்தார்கள். இங்கேயும் அப்படி ஒரு நிறம் வந்தால், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட எது ஆன்டிபயாட்டிக் என்று கண்டுபிடித்துவிடுவார்.

அதுவரை வாசகர்கள் செய்யக்கூடியது இது. டாக்டர் மருந்து எழுதும்போதே "இதில் ஆன்டிபயாட்டிக் எது, எத்தனை நாள்?" என்று கேளுங்கள். அவர் சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள். ஐந்து நாள் என்றால் ஐந்து நாள். உடம்பு தேறிவிட்டது என்று நீங்களாகப் பாதியில் நிறுத்தவும் வேண்டாம், பயந்துபோய்ப் பத்து நாளாக நீட்டவும் வேண்டாம். மீதி இருந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். பிள்ளைகளுக்கு எடையைப் பார்த்துத்தான் அளவு. போன மாதச் சீட்டை வாட்ஸ்அப்பில் காட்டி அதே மருந்தை மறுபடி வாங்க வேண்டாம். சுகர், பி.பி., ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா, எந்த மருந்தாவது முன்பு ஒத்துக்கொள்ளாமல் போனதா என்று டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லிவிடுங்கள். கடையில் மாத்திரையைப் பிதுக்கப் போனால் தடுத்து, அட்டையோடு, பெயர் இருக்கும் பக்கமாக வெட்டித் தரக் கேளுங்கள், பில்லும் கேளுங்கள். கிளினிக்கில் கையில் கொடுத்தால் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
பெரம்பூர், சென்னை - 11