உட்கார இடமிருந்தும் உட்காராத ஆண்டு: செயலாளர் அறிக்கை 2024

எல்லோருக்கும் வணக்கம். ஆண்டறிக்கை என்றால் "இவ்வாண்டு சங்கத்தின் பணிகள் சிறப்புற நடந்தேறின" என்றுதான் ஆரம்பிக்க வேண்டுமாம், பழைய கோப்பில் எல்லா அறிக்கையும் அப்படித்தான் இருக்கிறது. நான் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன், விட்டுப்போனதைப் பொதுக்குழுவில் கேளுங்கள்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன. ஜூலையில் மட்டும் பாதிப்பேர் ஊருக்குப் போய்விட்டதால் கூட்டம் இல்லை. நிர்வாகிகளில் மாற்றம் இல்லை, காரணம் வேறு யாரும் கை தூக்கவில்லை.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில், டெக்ஸஸ் மாநிலத்துக் காலேஜ் ஸ்டேஷன் ஊரில் இத்தனை வருஷம் குடியிருக்கிறோம், பிள்ளைகளை இங்கேயுள்ள டெக்ஸஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் சேர்த்திருக்கிறோம், அதன் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டத்துக்குப் போனால் பக்கத்திலிருப்பவர் கத்தும்போது நாமும் கத்துகிறோம், ஆனால் எதற்குக் கத்துகிறோம் என்று கேட்டால் முழிக்கிறோம். அதைத் தெரிந்துகொள்வதுதான் இந்த ஆண்டுக்கான வேலை என்று போன பொதுக்குழுவில் முடிவானது. முதல் நடவடிக்கையாக, உறுப்பினர்களின் முதுகுவலியை முன்னிட்டு, அதன் ஸ்டேடியமான கைல் ஃபீல்டின் பெஞ்சில் போட்டு உட்காரும் மெத்தைகளைச் சங்கப் பணத்தில் வாங்கினோம். செப்டம்பரில் எல்லோரும் ஆளுக்கொரு மெத்தையோடு போனோம். எங்கள் டிக்கெட் மாணவர் பகுதியை ஒட்டி இருந்தது. ஆட்டம் தொடங்கியது, சுற்றி இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள், நின்றவர்கள் கடைசிவரை உட்காரவே இல்லை. நாங்கள் மட்டும் உட்கார்ந்தால் முன்னால் நிற்பவரின் பெல்ட்தான் தெரியும். மெத்தைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மூன்றரை மணி நேரம் நின்றோம்.

ஏன் நிற்கிறார்கள் என்பதற்கு அடுத்த கூட்டத்தில் ஒரு கதை கிடைத்தது. 1922 ஜனவரி 2, டாலஸ் நகரம், எதிரணி சென்டர் கல்லூரி. ஏ அண்ட் எம் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக அடிபட்டு வெளியேறுகிறார்கள், மாற்று ஆள் தீர்ந்துவிடும் போலிருக்கிறது. ஈ. கிங் கில் என்ற மாணவர், கூடைப்பந்துக்காக ஃபுட்பால் அணியை விட்டுப் போனவர், அன்றைக்குப் பத்திரிகைக்காரர்கள் பகுதியில் உட்கார்ந்து ஆட்டக்காரர்களை அடையாளம் காட்டிக்கொண்டிருந்தார். கோச் டேனா பைபிள் அவரைக் கீழே கூப்பிட, அடிபட்ட ஒருவரின் சீருடையை மாட்டிக்கொண்டு ஓரத்தில் வந்து நின்றார். ஏ அண்ட் எம் 22-14 என்று ஜெயித்தது. கில் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை, கூப்பிட்டால் இறங்கத் தயாராக நின்றார், அவ்வளவுதான். களத்தில் பதினோரு பேர், நிற்கிறவர் பன்னிரண்டாவது ஆள். அன்றிலிருந்து மாணவர் கூட்டமே பன்னிரண்டாவது ஆள், அதனால்தான் யாரும் உட்காருவதில்லை. 1983-இல் ஜாக்கி ஷெரில் என்ற கோச் இதை ஒரு படி மேலே கொண்டுபோய், உதவித்தொகை இல்லாத சாதாரண மாணவர்களைத் தேர்ந்தெடுத்து கிக்ஆஃப் (பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடங்கும்) அணியாகவே இறக்கியிருக்கிறார். இப்போதும் அப்படிப்பட்ட ஒருவருக்கு 12 என்ற எண் போட்ட சட்டை கிடைக்கிறது. ஆடாமலே பெயர் வாங்கிய ஆளை நூறு வருஷமாகக் கொண்டாடும் ஊர் வேறெங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. நம் சங்கத்தில் ஒருவரும் எதையும் ஆடுவதில்லை என்பதால் எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்துவிட்டது.

அக்டோபரில் மிட்நைட் யெல் பார்க்கப் போனோம். ஆட்டத்துக்கு முந்தின இரவு பன்னிரண்டு மணிக்கு ஸ்டேடியத்தில் ஆயிரக்கணக்கில் கூடிக் கத்திப் பழகுவது, 1930-களின் தொடக்கத்திலிருந்து நடக்கிறது. இங்கே ஆடிப்பாடும் சியர்லீடர்கள் கிடையாது, மாணவர்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த ஐந்து யெல் லீடர்கள்தான். அவர்கள் கையால் சைகை காட்டுவார்கள், கூட்டம் அதைப் பின்வரிசை வரை கடத்தும், அப்புறம் எல்லோரும் முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து கத்த வேண்டும். குனிந்தது சரி, நிமிர்வதற்குத்தான் சிலருக்கு உதவி தேவைப்பட்டது. கடைசியில் விளக்கை அணைத்தார்கள். நம் மூத்த உறுப்பினர் ஒருவர் ஏதோ தீபம் ஏற்றும் சடங்கு என்று நினைத்துக்கொண்டு போனில் டார்ச்சைப் போட்டு உயரமாகப் பிடித்தார். அந்த இருட்டு, ஜோடியாக வந்தவர்கள் முத்தம் கொடுத்துக்கொள்வதற்காம். ஜோடி இல்லாதவர்கள்தான், இன்னொரு ஆள் தேடி வரட்டும் என்று லைட்டரைப் பற்றவைத்துத் தூக்கிப் பிடிப்பார்களாம். அவர் மனைவி பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தார். இந்தத் தகவலை அவருக்கு அங்கேயே விளக்கமாக எடுத்துச் சொன்ன கல்லூரிப் பெண் யார் என்பதை அறிக்கையில் பதிவு செய்யவில்லை.

ஏ அண்ட் எம்மின் அடையாளச் சின்னமான ரிவெலி என்ற நாயைப் பற்றி நவம்பர் கூட்டத்தில் பேசினோம். 1931-இல் மாணவர்களின் கார் ஒரு தெருநாய் மேல் மோத, தூக்கிக்கொண்டுவந்து விடுதியில் வைத்திருக்கிறார்கள். காலையில் எழுப்பும் பியூகிள் ஊதியதும் குரைத்ததால் அந்த இசையின் பெயரே நாய்க்கு வந்துவிட்டது. இப்போது இருப்பது பத்தாவது ரிவெலி, கோலி ஜாதி. ராணுவப் பாணியில் சீருடை போட்டுப் பயிலும் மாணவர் படையிலேயே உயர்ந்த பதவி இதற்குத்தான், முதலாண்டு மாணவர்கள் "மிஸ் ரிவெலி, மேம்" என்றுதான் கூப்பிட வேண்டும். வீட்டில் அப்பாவை வாடா போடா என்கிற நம் பிள்ளைகள் இங்கே நாய்க்கு மரியாதை கொடுக்கப் பழகுகிறார்கள், பரவாயில்லை. செத்துப்போன ரிவெலிகளை ஸ்டேடியத்தின் வடக்கு வாசலில் ஸ்கோர்போர்டு தெரிகிற மாதிரி புதைத்திருக்கிறார்கள். பின்னால் கட்டடம் எழும்பி மறைத்ததும் அவைகளுக்கென்றே தனியாக ஒரு சின்ன ஸ்கோர்போர்டு வைத்துவிட்டார்கள்.

பான்ஃபயர் பற்றி எழுதுவது கஷ்டம். நம் ஊர் கார்த்திகைச் சொக்கப்பனையைப் பெரிதாக நினைத்துக்கொள்ளுங்கள்: பரம எதிரியான ஆஸ்டின் நகரத்து டெக்ஸஸ் பல்கலைக்கழகத்துடன் ஆடும் ஆட்டத்துக்கு முன்னால், மாணவர்களே மரம் வெட்டி, அடுக்கி, கொளுத்துவார்கள். 1963-இல் கென்னடி சுடப்பட்டபோது அடுக்கியதைக் கொளுத்தாமல் பிரித்துவிட்டார்கள், மற்றபடி வருஷம் தவறியதில்லை. 1999 நவம்பர் 18, விடியற்காலை 2:42-க்கு, ஏறத்தாழ 5,000 கட்டைகள் 59 அடி உயரத்துக்கு ஏறியிருந்த நிலையில், மேலே ஆட்கள் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே சரிந்தது. 12 பேர் இறந்தார்கள், 27 பேருக்குக் காயம். எட்டு நாள் கழித்து நடந்த ஆட்டத்தில் எதிரணியின் பேண்டு வாத்தியக்காரர்கள் அஞ்சலி இசை வாசித்துத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நடந்துபோனதை இங்கே இன்னும் சொல்கிறார்கள். பல்கலைக்கழகம் பான்ஃபயரை நிறுத்திவிட்டது. வளாகத்துக்கு வெளியே மாணவர்கள் தாங்களாகவே நடத்துகிறார்கள், அதற்கு நாம் போகவில்லை, போக வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

நினைவிடத்துக்குப் போனோம். வட்டமாக நிற்கும் 12 வாசல்கள், ஒவ்வொன்றும் இறந்த பிள்ளையின் சொந்த ஊர் இருக்கும் திசையைப் பார்த்து வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு வாசலுக்குள் நின்று பார்த்தால் எதிரே புல்வெளியும் தூரத்து மரங்களும்தான். முதலாண்டில் மகனைச் சேர்த்திருக்கும் ஓர் அம்மா அங்கே ரொம்ப நேரம் நின்றார், நாங்கள் யாரும் கூப்பிடவில்லை.

அப்புறம் நவம்பர் 30. ஏ அண்ட் எம் வேறு லீக்குக்குப் போனதால் 2011-இல் கடைசி நொடியில் 27-25 என்று தோற்றதோடு நின்றுபோன டெக்ஸஸ் ஆட்டம், 13 வருஷத்துக்குப் பிறகு கைல் ஃபீல்டில். டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு நாம் ஒரு உறுப்பினர் வீட்டு டி.வி.யில்தான் பார்த்தோம், அங்கேயும் நின்றுகொண்டுதான். 17-7 என்று தோற்றோம். வேறு சொல்ல ஒன்றுமில்லை.

என் தனிப்பட்ட குறை ஒன்றுண்டு: ஃபுட்பாலைத் தவிர வேறெதையும் யாரும் பேசுவதில்லை. ஃபுட்பாலில் கடைசியாகத் தேசிய பட்டம் வாங்கியது 1939-இல். தடகளத்திலோ 2009, 2010, 2011 என்று தொடர்ந்து மூன்று வருஷம் ஆண்கள் பெண்கள் இரண்டு பட்டமும் இங்கேதான் வந்தன. குண்டு எறிதலில் முதன்முதலாக 70 அடியைத் தாண்டிய ராண்டி மாட்சன் இங்கே படித்தவர். டோக்கியோ ஒலிம்பிக்கில் 800 மீட்டர் தங்கம் வாங்கிய அத்திங் மு இங்கே ஓடியவர். 1963 வரை பெண்களையே சேர்க்காத கல்லூரி இது, 2011-இல் அதன் பெண்கள் கூடைப்பந்து அணி தேசிய பட்டம் வாங்கியது. இதையெல்லாம் கூட்டத்தில் சொன்னபோது பாதிப்பேர் டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை, அவர்களுக்கே தெரியும்.

மெத்தைகள் உறை பிரிக்காத குறையாகப் பொருளாளர் வீட்டு கராஜில் கிடக்கின்றன. வரும் வசந்தத்தில் தடகளப் போட்டிகளுக்குப் போகலாம் என்று நிர்வாகக் குழுவில் பேசியிருக்கிறோம். அங்கே உட்கார்ந்து பார்க்கலாமாம், விசாரித்துவிட்டேன்.

இப்படிக்கு,
செயலாளர்