தேனீ விஷம்: விட்டுப்போன பாதி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் 'மார்பகப் புற்றுநோயை அழிக்கும் தேனீ விஷம்' என்ற கட்டுரையைப் படித்தேன். நான் மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்ப்பவன். கட்டுரை வந்த வாரமே, கீமோ எடுத்துக்கொண்டிருக்கும் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒரு தம்பி வந்துவிட்டார். "அண்ணே, கொட்ட வைக்க நாலு தேனீ குடுங்க, என்ன காசுன்னாலும் தாரேன்" என்றார். கையில் உங்கள் கட்டுரை, மடித்து வைத்திருந்தார். அதனால்தான் எழுதுகிறேன்.

கட்டுரையில் சொன்னது பொய் இல்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், ஹாரி பெர்கின்ஸ் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் சியாரா டஃபி என்பவரின் குழு செய்து 2020-இல் வெளியிட்ட ஆய்வு அது. தேனீ விஷத்தில் உலர் எடையில் பாதி அளவுக்கு இருக்கும் மெலிட்டின், 60 நிமிடத்துக்குள் புற்றுச் செல்லின் சவ்வைச் சிதைத்துவிட்டது. ஆனால் அது நடந்தது ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களில். அப்புறம் எலிகளில், அதுவும் வழக்கமான கீமோ மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது கட்டியின் வளர்ச்சி குறைந்தது. 'எலி' என்ற சொல் உங்கள் கட்டுரையில் கடைசிப் பத்தியில்தான் வருகிறது. அதுவரை யார் படிக்கிறார்கள்?

மெலிட்டின் 26 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சின்ன பெப்டைடு, அதாவது குட்டிப் புரதம். அதற்கு நேர்மின்னேற்றம். புற்றுச் செல்களின் வெளிப்பக்கத்தில் எதிர்மின்னேற்றம் கொண்ட கொழுப்பு வழக்கத்தைவிட அதிகம். அதனால் அங்கே போய் ஒட்டிக்கொண்டு சவ்வில் ஓட்டை போடுகிறது. பாக்டீரியாவையும் இப்படித்தான் கொல்கிறது. 1987-இல் அமெரிக்காவில் மைக்கேல் சாஸ்லாஃப் ஆப்பிரிக்கத் தவளையின் தோலில் கண்டுபிடித்த, கிருமிகளைக் கொல்லும் மகைனின் என்ற பெப்டைடும் இதே இனம்தான். சிக்கல் என்னவென்றால், மெலிட்டினுக்கு ஆள் பார்த்து அடிக்கத் தெரியாது. ரத்தத்தில் விட்டால் சிவப்பணுக்களையும் உடைத்துவிடும். இது இன்னும் மருந்தாகாமல் இருப்பதற்கு முக்கியமான காரணமே இதுதான். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

நார்வேயில், திரோம்சோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய வேலையைப் பற்றி எழுதியிருந்தால் இதைவிட நல்ல கட்டுரையாக இருந்திருக்கும். பசும்பாலில் உள்ள லாக்டோஃபெரின் புரதத்தின் ஒரு துண்டை எடுத்து, மாற்றி மாற்றிச் செதுக்கி, 9 அமினோ அமிலங்களுக்குக் கொண்டுவந்தார்கள். எல்டிஎக்ஸ்-315 என்று பெயர். ரத்தத்தில் விடாமல் நேராகக் கட்டிக்குள்ளேயே ஊசி போடுகிறார்கள். செல் உடைந்து சிதறும்போது உடலின் எதிர்ப்பாற்றலும் விழித்துக்கொண்டு கட்டியைத் தாக்க வேண்டும் என்பது கணக்கு. மனிதர்களிடம் சோதனை வரை வந்துவிட்டது.

இனி கொட்டு விஷயம். ஒரு கொட்டில் இறங்குவது ஏறக்குறைய 0.1 மில்லிகிராம் விஷம். கொடுக்கு தோலில் நின்றுவிடும், பை துடித்துத் துடித்து விஷத்தை இறக்கும். கொட்டின இடம் வீங்கும், கடுக்கும். மார்புக்குள் இருக்கும் கட்டியை அது தேடிப் போகாது. சிலருக்கு உயிரே போகும். தேனீ கொட்டு வைத்தியம் பல முறை எடுத்துப் பழகிய 55 வயதுப் பெண் ஒருவர், ஸ்பெயினில் ஒரே கொட்டில் ஒவ்வாமை அதிர்ச்சிக்கு ஆளாகி இறந்ததை 2018-இல் ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்தது. பழகிவிட்டது, ஒன்றும் ஆகாது என்று எங்கள் தொழிலில் யாரும் சொல்ல மாட்டோம்.

அதே ஞாயிறு இணைப்பில், அதே பெரிய எழுத்தில், 'தேனீயைக் கொட்ட விடுவது சிகிச்சை அல்ல, கீமோவை நிறுத்த வேண்டாம்' என்று ஒரு கட்டம் போட்டுவிடுங்கள். அந்தத் தம்பியிடம் நான் எவ்வளவோ சொல்லித்தான் அனுப்பினேன். "பேப்பர்லயே போட்டிருக்கே அண்ணே" என்றுதான் போனார்.

இப்படிக்கு,
தேனீ வளர்க்கும் வாசகர்,
மார்த்தாண்டம்