சிலிம் ரிவர் வணிகர்களுக்கும் பிரத்தியேக வகுப்பு நடத்துவோருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். தஞ்சோங் மாலிமில் முதுகலை ஆய்வு செய்துகொண்டே நமது நகரில் பகுதிநேர வேலை தேடும், தோட்டத் தொழிலாளர் குடும்பத்துப் பெண் நான். கடந்த ஓராண்டில் இங்கு மூன்று இடங்களில் வேலைக்குச் சேர்ந்து மூன்றையும் விட்டிருக்கிறேன். சம்பள உயர்வு கேட்டு இம்மடலை எழுதவில்லை. வாரத்தில் எத்தனை மணி நேரம், எந்தெந்த நாள், என்ன கூலி என்பதை வேலையில் சேரும் நாளிலேயே தாளில் எழுதித் தாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஆய்வு வழி முதுகலையில் அன்றாட வகுப்பு கிடையாது. அதனாலேயே, "கிளாஸ் இல்லன்னா வீட்டுல சும்மாதானே இருக்கே?" என்று நேர்காணலுக்குப் போன இடமெல்லாம் என்னைக் கேட்டுவிட்டார்கள். ஓர் ஆசிரியரிடம் ஒரு மணி நேரம் பேசிப் பதிவு செய்ததை எழுத்தில் பெயர்க்க எனக்கு ஐந்து மணி நேரம் பிடிக்கிறது. பள்ளிகளுக்குத் தரவு திரட்டப் போனால் காலைப்பொழுது முழுவதும் போய்விடும்; மேற்பார்வையாளரைச் சந்திக்கும் நாளையோ நான் முடிவு செய்வதில்லை. எனவே எனக்கு வேண்டியது குறைந்த வேலையன்று, முன்கூட்டியே தெரிந்த வேலை.

நான் சேர்ந்த ஒரு பிரத்தியேக வகுப்பு மையத்தில் மாணவர் தலைக்கு இவ்வளவு என்று கூலி பேசினார்கள். மழை பெய்து பிள்ளைகள் வராத மாலையில், மோட்டாரில் நனைந்துகொண்டு போய்ச் சேர்ந்த எனக்கு எண்ணெய்க் காசுகூடக் கிடைக்கவில்லை. இரண்டு மாதச் சம்பளம் மூன்றாம் மாதக் கடைசியில்தான் கைக்கு வந்தது. அடுத்துச் சேர்ந்த கடையில் சனி, ஞாயிறு மட்டும் என்று சொல்லி எடுத்துக்கொண்டு, பிறகு முதல் நாள் இரவு பத்து மணிக்குக் குறுஞ்செய்தி அனுப்பி மறுநாள் காலை வரச் சொல்லத் தொடங்கினார்கள். அப்படிப் போன ஒரு புதன்கிழமை, ஒரு மாதமாகக் காத்திருந்த மேற்பார்வையாளர் சந்திப்பு கைநழுவியது. மூன்றாவது இடத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒன்பது நாளில் நின்றுவிட்டேன்.

என் அப்பா விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரித்துத் தரும் இடத்துக்கு, போனவர். அவருடைய கூலி மிகக் குறைவுதான் என்றாலும், போன நாளுக்குச் செக்குரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பெயர் விழும். விழாவிட்டால் தோட்டத்துக் கணக்கரான கிராணியிடம் போய்க் கேட்கலாம். பட்டம் பெற்று முதுகலை படிக்கும் எனக்கு நகரத்துக் கடையில் அந்த ஒரு வரிப் பதிவும் இல்லை என்பதை அவரிடம் சொல்லவே கூச்சமாக இருந்தது.

நான் கேட்பது சலுகையன்று. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வேலை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்றும், சம்பளக் காலம் முடிந்த ஏழு நாளுக்குள் சம்பளம் தர வேண்டும் என்றும் மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சொல்கிறது. 2010ஆம் ஆண்டுப் பகுதிநேர ஊழியர் விதிமுறைகளின்படி, அதே வேலையை அதே இடத்தில் செய்யும் முழுநேர ஊழியரின் நேரத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் 70 விழுக்காடு வரை வேலை செய்பவரே பகுதிநேர ஊழியர். 2023 ஜனவரி முதல் வார வேலை நேரத்தின் உச்சவரம்பு 45 மணி என்பதால், அந்த அளவு வேலை நடக்கும் கடையில் இது பதின்மூன்றரை மணிக்கு மேல் முப்பத்தொன்றரை மணி வரை என்றாகிறது. "வாரம் பன்னிரண்டு மணி நேரம் போதும்மா" என்று ஒருவர் அன்பாகச் சொன்னபோது நானும் மகிழ்ந்து தலையாட்டினேன். அந்தக் கணக்கில் நான் விதிமுறைக்கு வெளியே நிற்கிறேன் என்பது பிறகுதான் புரிந்தது.

ஆகவே 15 மணி நேரம் கேட்கிறேன். மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) என்ற குறைந்தபட்சச் சம்பளத்துக்கு ஈடான மணிக்கூலி 8 வெள்ளி 72 காசு. வாரத்துக்கு 130 வெள்ளி 80 காசு. நான்கு வாரத்தில் 523 வெள்ளி 20 காசு சேரும். அதிலிருந்து ஊழியர் சேமநிதிக்கு என் பங்கான 11 விழுக்காடு போனாலும், எண்ணெய்க்கும் நகல் எடுக்கவும் கொடுத்ததுபோக எஞ்சுவதைப் பல்கலைக்கழகத் தவணைக் கட்டணத்துக்குச் சேர்த்துவிடுவேன்.

சிறு கடைக்காரரின் நெருக்கடியும் எனக்குத் தெரியும். ஐந்து பேருக்கும் குறைவானவர்களை வைத்திருப்போருக்கும் 2025 ஆகஸ்டு முதல் இந்தச் சம்பளம் பொருந்துகிறது. சேமநிதியில் முதலாளியின் பங்கு, சொக்சோ எனும் தொழிலாளர் சமூகக் காப்புறுதிச் சந்தா என்று மேற்செலவும் உண்டு. ஆனால் சரக்குக் கணக்கைக் கணினியில் ஏற்றவும், மின்விலைப்பட்டியல் (இ-இன்வாய்ஸ்) பற்றி வரும் மலாய்க் கடிதங்களைப் படித்து விளக்கவும், ஐந்தாம் படிவ எஸ்பிஎம் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்குத் தமிழும் வரலாறும் சொல்லித்தரவும் ஆள் தேடுபவர்களும் நீங்கள்தாமே? முழுநாள் ஆள் தேவைப்படாத இந்த வேலைகளுக்கு என்னைப்போல் தோட்டத்திலிருந்து மேற்படிப்புக்குப் போனவர்கள் பொருத்தமானவர்கள். தேர்வுக் காலத்தில் நேரத்தை மாற்ற வேண்டியிருந்தால் இரண்டு வாரம் முன்னதாகவே எழுதிக் கொடுக்கிறோம். நீங்களும் கடைசி நேர அழைப்பைக் கைவிட வேண்டும்.

நாள், நேரம், மணிக்கூலி, சம்பள நாள், வகுப்பு ரத்தானால் தர வேண்டிய தொகை ஆகியவற்றை நிரப்பும்படி ஒரு பக்க ஒப்பந்தப் படிவத்தைத் தமிழிலும் மலாயிலும் எழுதி வைத்திருக்கிறேன். வேண்டுவோர் சொல்லி அனுப்பினால், நான் பல்கலைக்கழகத்தில் இருக்கும் செவ்வாய், வியாழன் நீங்கலாக, எந்த நாளிலும் கடைக்கே கொண்டுவந்து தருகிறேன்.

இங்ஙனம்,
முதுகலை ஆய்வு மாணவி ஒருத்தி,
சிலிம் ரிவர், பேராக்