செயலாளரின் ஆண்டறிக்கை: சஃபோல்க் மாளிகையும் நமது மண்டபத்தின் பின்சுவரும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயலவையினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் விளக்குவார். இவ்வாண்டு நம்மைப் பெரிதும் அலைக்கழித்தது மண்டபத்தின் பின்சுவர்தான் என்பதால் அதைப் பற்றியே விரிவாகக் கூற விரும்புகிறேன்.

இடுப்பளவுக்குச் சாயம் உரிந்து, வெள்ளை உப்புப் பூத்து நிற்கும் அச்சுவருக்கு மும்முறை சாயம் பூசியும் பயனில்லை. நான்காம் முறையும் பணத்தைக் கரைப்பதற்கு முன், பினாங்கிலேயே இதைவிடச் சீரழிந்து மீண்ட ஒரு கட்டடத்தைப் பார்த்துவர முடிவு செய்து, ஆயர் ஈத்தாம் ஆற்றோரம் உள்ள சஃபோல்க் மாளிகைக்குச் சென்றோம்.

இதைப் பினாங்கில் ஆங்கிலேயக் குடியேற்றத்தை நிறுவிய பிரான்சிஸ் லைட் கட்டியதாகப் பலர் சொல்வது சரியன்று. 1794-இல் மறைந்த அவருடைய மிளகுத் தோட்டம் இருந்த இடம் இது. இன்று நிற்கும் மாடி வீடு, பின்னாளில் ஆளுநரான வில்லியம் எட்வர்ட் பிலிப்ஸ் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பியது. சென்னையிலும் கல்கத்தாவிலும் ஆங்கிலேயர் கட்டிக்கொண்ட தோட்ட வீடுகளின் சாயல் இதில் அப்படியே தெரிகிறது. தூண் வரிசை தாங்கும் ஆழமான தாழ்வாரம் வெயிலும் சாரலும் நேராக அறைக்குள் நுழையாமல் தடுக்கிறது. உயர்ந்த கூரையும் நீண்ட கதவுகளும் காற்றை ஓடவிடுகின்றன. மிளகுக் கொடிகளின் சுவடு இப்போது இல்லை. புல்வெளியும் ஆறும் இருக்கின்றன. பிற்காலத்தில் மெதடிஸ்ட் பள்ளியின் வகுப்பறைகளாகப் பயன்பட்டு, 1970-களில் கைவிடப்பட்ட இம்மாளிகை, 2007-இல் சீரமைப்பு முடிந்து, மறு ஆண்டே யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமை விருதைப் பெற்றது.

தாழ்வாரத்துச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்த நமது மூத்த உறுப்பினர் ஒருவர், "இது சுண்ணாம்புக் காரை, எங்கள் ஊர் வீட்டுச் சுவரும் இப்படித்தான் குளிர்ந்திருக்கும்" என்றார். விடை அங்கேயே கிடைத்துவிட்டது. தரையிலிருந்து செங்கல் உறிஞ்சும் ஈரத்தைச் சுண்ணாம்பு ஆவியாக வெளியே விடும். சிமெண்டுப் பூச்சு அதை அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் இன்னும் மேலே ஏறி, உப்பைக் கக்கிச் சாயத்தைத் தள்ளும்.

நமது சுவருக்குச் சிமெண்டு பூசிய குத்தகையாளரைக் குறை சொல்வதற்கில்லை. "சிமெண்டே போடுங்கள், கெட்டியாக நிற்கும்" என்று வற்புறுத்தியது அன்றைய செயலவை. அதில் அடியேனும் ஒருவன்.

எனவே, பின்சுவரின் சிமெண்டை நெஞ்சளவு உயரம்வரை செதுக்கி எடுத்து, செங்கல் நன்கு காய்ந்தபின் சுண்ணாம்புக் காரை பூசுவதற்கு இக்கூட்டத்தின் ஒப்புதலைக் கோருகிறேன். காய்வதற்குப் பல மாதங்கள் ஆகலாம். அதுவரை திருமணத்துக்கு மண்டபம் எடுப்போர் அச்சுவரைத் துணி கட்டி மறைக்கக் கூடாது என்பதை வாடகைப் படிவத்திலேயே சேர்த்துவிடலாம்.

இப்படிக்கு,
செயலாளர்