மே மாத மத்தியானத்தில் நூலகத்தைத் திறந்து வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் பிள்ளைகளை என்னென்ன வகுப்புகளில் சேர்க்கலாம் என்று உங்கள் இதழில் ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருந்தீர்கள். நீச்சல், கராத்தே, அபாகஸ், ரோபோட்டிக்ஸ் எல்லாமே நல்லதுதான், வசதி இருக்கிறவர்கள் சேர்க்கட்டும். ஆனால் அதில் ஒன்றுகூட எங்கள் தெருவுக்கு ஒத்துவராது. சாத்தூர்ப் பக்கம் பல வீடுகளில் அப்பா அம்மா இரண்டு பேருமே விடிந்ததும் சமைத்து மூடி வைத்துவிட்டு தீப்பெட்டி ஆபீசுக்கோ பட்டாசு ஆலைக்கோ கிளம்பிவிடுவார்கள். பள்ளிக்கூடம் இருக்கிற நாளில் கவலை இல்லை. லீவு விட்டால் பிள்ளைகள்தான் வீட்டுக்குக் காவல். நான் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டுத் தைக்கிறவள், அதனால் தெருப் பிள்ளைகளில் பாதிப் பேர் பகல் முழுக்க என் திண்ணையில்தான் கிடப்பார்கள். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

லீவில் காலையும் சாயங்காலமும் பெரியவர்கள் மெனக்கெடவே வேண்டாம். வைப்பாற்று மணலில் கிரிக்கெட், தெருவில் சைக்கிள், பம்பரம் என்று அவர்கள் பாட்டுக்கு இருப்பார்கள். கஷ்டம் எல்லாம் பதினொரு மணியிலிருந்து நாலு மணி வரைக்கும்தான். மே மாதத்தில் அக்னி நட்சத்திரம் ஆரம்பித்துவிட்டால் அந்த நேரத்தில் தெருவில் காலை வைக்க முடியாது. அக்னி முடிந்த பிறகும் வெயில் விடாமல் 2023-ல் பள்ளி திறப்பதை ஜூன் 12-க்கும், சின்ன வகுப்புகளுக்கு 14-க்கும் தள்ளிப் போட்டார்கள், 2024-லும் 10-ஆம் தேதிதான் திறந்தார்கள். பாடம் நடத்தக்கூட முடியாத வெயில் என்று அரசாங்கமே சொல்கிற நேரத்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் தனியாக இருக்கிற பிள்ளை என்ன செய்யும்? போனை எடுக்கும். சார்ஜ் தீர்ந்தால் கூட்டாளிகளோடு கிணற்றுக்குப் போகும். எனக்கு போனைவிட இந்தக் கிணற்றுப் பயம்தான் பெரிது. ஒவ்வொரு மே மாதமும் கிணற்றில், கல்குவாரித் தண்ணீரில், ஆற்றுப் பள்ளத்தில் மூழ்கிய பிள்ளைகளைப் பற்றி உங்கள் பத்திரிகையிலேயே படிக்கிறோமே. நீச்சல் படிக்கட்டும், முதுகில் சுரைக்குடுக்கையோ காலி கேனோ கட்டிப் பெரியவர்கள் கூட இறங்கிச் சொல்லிக்கொடுக்கட்டும். ஆனால் ஆளில்லாத மத்தியானத்தில் ஒரு பிள்ளையும் தண்ணீர்ப் பக்கம் போகக் கூடாது.

அந்த நேரத்தில் நிழலில் உட்கார்ந்து செய்வதற்கு நம்மிடம் நிறைய இருக்கிறது. எங்கள் திண்ணையில் முதலில் பல்லாங்குழி. பலகை இல்லாவிட்டால் சாக்பீஸால் எதிரெதிராக இரண்டு வரிசையில் ஏழேழு வட்டம் போட்டுக்கொள்வார்கள், குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. எடுத்துப் போட்டுக்கொண்டே வரும்போது எந்தக் குழியில் நாலு சேருகிறதோ அது பசு, அந்தப் பக்கத்துக்காரர் சட்டென்று அள்ளிக்கொள்ள வேண்டும், கவனிக்காமல் விட்டால் போச்சு. அடுத்த ஆட்டத்துக்குள் எல்லாக் கண்ணும் குழிமேல்தான் இருக்கும். வாய்ப்பாடு என்றால் ஓடுகிற ஒரு பையன், எந்தக் குழியில் எடுத்தால் எங்கே போய் முடியும் என்று ஆடுவதற்கு முன்பே மனசுக்குள் எண்ணிப் பார்த்துச் சொல்கிறான். அப்புறம் தாயம். தாயக்கட்டை கடையில் வாங்க வேண்டியதில்லை, நாலு புளியங்கொட்டையை ஒரு பக்கம் மட்டும் தரையில் தேய்த்து வெள்ளையாக்கினால் ஆயிற்று. தேய்க்கவே அரை மணி நேரம் போகும், சூடேறின கொட்டையைப் பக்கத்தில் இருக்கிறவன் கையில் வைத்து அலற விடுவதும் அதில் சேர்த்திதான். நாலையும் உருட்டி ஒரு வெள்ளை மட்டும் மேலே விழுந்தால் தாயம். தாயம் விழாமல் காய் இறங்காது, யாரையாவது வெட்டாமல் உள்கட்டத்துக்குப் போக முடியாது. பெரிய பிள்ளைகளுக்கு ஆடுபுலி, மூன்று புலி பதினைந்து ஆடு. இதெல்லாம் பழமை என்பதற்காக நான் சொல்லவில்லை. காசில்லாமல், கரண்ட் இல்லாமல், ஆறு வயதும் பதினாலு வயதும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பாட்டு நேரத்தையே மறந்து ஆடுகிறார்களே, அதற்காகச் சொல்கிறேன்.

வேலை கொடுத்தாலும் சந்தோஷமாகச் செய்வார்கள், நாம்தான் கொடுப்பதில்லை. கூழ் வற்றல் போடுகிற அன்று விடியும் முன்பே மொட்டை மாடியில் வேட்டியை விரித்துவிட்டால், அச்சைப் பிடித்துப் பிழிவதற்குச் சண்டையே வரும். ஒருத்தி பிழிய, இரண்டு பேர் குடையோடு காக்காய் விரட்ட என்று அவர்களே பிரித்துக்கொள்வார்கள். மறுநாள் வேட்டியைத் திருப்பித் தண்ணீர் தெளித்து வற்றலை உரித்து எடுப்பதும் அவர்கள்தான். பாதி காய்ந்த வற்றல் கொஞ்சம் வாய்க்குள் போகும், போகட்டும்.

சரி, இவ்வளவும் ஒரு திண்ணை இருக்கிற வீட்டில் நடக்கும். திண்ணை இல்லாத தெருக்கள்தான் இப்போது அதிகம். நான் சொல்ல வந்ததே இதுதான். எங்கள் பகுதியில் ஒரு கிளை நூலகம் இருக்கிறது. காங்கிரீட் கட்டடம், மின்விசிறி, குழந்தைகள் புத்தகம் ஒரு அலமாரி நிறைய. ஆனால் காலையில் கொஞ்ச நேரம் திறந்து மத்தியானம் பூட்டிவிட்டு, மறுபடி நாலு மணிக்கு மேல்தான் திறக்கிறார்கள். பிள்ளைகள் விளையாடக் கிளம்புகிற நேரத்தில் நூலகம் திறக்கிறது, ஒதுங்க நிழல் தேடுகிற நேரத்தில் பூட்டிக் கிடக்கிறது. நூலகரைக் குறை சொல்லவில்லை. அவர் ஒற்றை ஆள், பாவம், காலையும் மாலையும் வந்து போகிறார். நேரத்தை அமைத்தவர்கள் வேலை முடிந்து வருகிற பெரியவர்களை நினைத்து அமைத்திருப்பார்கள், அதிலும் தப்பில்லை. மே மாதத்துக்கு மட்டுமாவது மாற்றக் கூடாதா?

சுதந்திர இந்தியாவிலேயே முதல் பொது நூலகச் சட்டம் 1948-ல் அன்றைய சென்னை மாகாணத்தில்தான் வந்தது. இன்றைக்கும் நாம் கட்டுகிற சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாகச் சேருகிறது. 2023-ல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தார்கள், குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி, குளிர்சாதன வசதி என்று பார்க்கவே மனசு நிறைகிறது. ஒரு தடவை கூட்டிப்போனால் பிள்ளைகள் கிளம்ப மாட்டேன் என்பார்கள். ஆனால் சாத்தூரிலிருந்து தினமும் மதுரைக்கு யார் பஸ் ஏற்றி அனுப்புவது? பெரிய ஊருக்கு அப்படி ஒன்று என்றால், எங்களுக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கிற அந்தச் சின்னக் கட்டடம் ஐந்து மணி நேரம் கூடுதலாகத் திறந்திருந்தால் போதும். எல்லாப் பிள்ளையும் படிக்க வேண்டும் என்பதுகூட இல்லை. ஒரு மூலையில் தாயம் உருட்டட்டும், ஒரு மூலையில் படம் போடட்டும், இரண்டு பிள்ளை தூங்கினாலும் தூங்கட்டும். பக்கத்தில் அலமாரி இருந்தால் கை தானாகப் போகும், என் திண்ணையில் கிடக்கிற பழைய வாரப் பத்திரிகைகளையே ஒரு பக்கம் விடாமல் படித்துத் தீர்க்கிறார்களே.

ஆள் இல்லை என்பார்கள். 2021-ல் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது எத்தனை பெண்கள் தன்னார்வலர்களாக வந்து சாயங்காலங்களில் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள்! அவர்களெல்லாம் இன்னும் அந்தந்தத் தெருவில்தான் இருக்கிறார்கள். கல்லூரி லீவில் வந்திருக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், பல நூலகங்களில் வாசகர் வட்டம் இருக்கிறது. சாவியை நம்பிக் கொடுக்க ஒரு ஏற்பாடும், அந்த ஒரு மாதத்துக்கு மேற்பார்வை பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் மதிப்பூதியமும் கொடுத்தால் நடக்கும்.

இதை உங்கள் இதழ் எடுத்து எழுத வேண்டும், மாவட்ட நூலக அலுவலர்கள் கண்ணில் படுகிற மாதிரி எழுத வேண்டும். அடுத்த ஏப்ரலில் பரீட்சை முடிவதற்குள் ஒரு உத்தரவு வந்தால் போதும். பாய் நாங்கள் கொண்டுவருகிறோம், குடிதண்ணீர்க் குடம் நிரப்பி வைப்பதும் சாயங்காலம் கூட்டிப் பெருக்குவதும் எங்கள் தெருப் பெண்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சாத்தூர்