வெயில் வரும் நேரத்துக்கு மாடிக்குப் போ

சங்கரன்கோவில்,
மார்கழி 22

அன்பு மகள் கோமதிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே அம்மா, ஆச்சி, நான் எல்லோரும் சுகம். ஆச்சிக்கு முட்டிவலி, மார்கழியில் எப்போதும் வருவதுதான். பனிக்கு மல்லி அரும்பு பிடிக்கவில்லை, விலை ஏறிக் கிடக்கிறது, கடையில் வேலை குறைவு. கையில் ஃபோன் இருக்கும்போது அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். ஃபோனில் நான் ஒன்று சொன்னால் நீ "சரிப்பா" என்கிறாய். அதற்கு மேல் எனக்குப் பேச வரமாட்டேன் என்கிறது.

செல்வி மதினி மகன் வெள்ளிக்கிழமை டெல்லிக்குப் புறப்படுகிறான். அவன் கையில் ஒரு அட்டைப்பெட்டி கொடுத்து விடுகிறேன், அதற்குள்ளேயே இந்தக் கடிதமும் இருக்கும். சுக்கு, மிளகு, பருப்புப்பொடி, கருப்பட்டி, கோவில்பட்டி கடலைமிட்டாய் எல்லாம் அம்மா கட்டியது. தேங்காய் எண்ணெய்க்குப் பதில் நல்லெண்ணெய் வைக்கச் சொன்னது நான். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனாலே கட்டியாகிவிடும், அங்கே பாட்டிலுக்குள் வெள்ளைக் கல் மாதிரி நிற்கும். நல்லெண்ணெய் அப்படி உறையாது. உதட்டுக்கும் குதிகாலுக்கும் ராத்திரி வாசலின் தடவு. அடியில் ஸ்வெட்டர் இருக்கிறது. நம் டெல்லி ஸ்வெட்டர்தான். அம்மா பொத்தான் மாற்றித் தைத்திருக்கிறாள்.

தினமும் காலையில் டெல்லி சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் எத்தனை டிகிரி என்று பார்த்துவிட்டுத்தான் கடைக்குக் கிளம்புகிறேன். 2023 ஜனவரி 16 அன்று 1.4 வரை இறங்கியது. ஆனாலும் ராத்திரிக் குளிருக்கு நான் அவ்வளவு பயப்படுவதில்லை. ராத்திரி ரஜாய் இருக்கிறது, பஞ்சு வைத்துத் தைத்த போர்வை, எல்லோரும் படுத்துவிடுகிறார்கள். எனக்குப் பயம் 2019 டிசம்பர் 30 மாதிரியான நாள்தான். அன்று பகலிலேயே 9.4 டிகிரிக்கு மேல் ஏறவில்லை. காலை, மதியம், சாயந்தரம் என்று வித்தியாசமே தெரியாத சாம்பல் நிற நாள். அந்த மாதிரி நான்கு நாள் சேர்ந்தாற்போல் வந்தால் ஆளை என்னமோ செய்துவிடும்.

ஒன்றைக் கவனித்திருப்பாய். அங்கே கட்டிய வீடெல்லாம் மே மாத வெயிலை நினைத்துக் கட்டியது. மொசைக் தரை, மெல்லிய சுவர், சரியாக மூடாத ஜன்னல். குளிர்தேசத்து வீடுகளில் உள்ளே கதகதப்பாக இருக்குமாம். டெல்லியில் வெயில் வந்த பிறகும் வெளியே இருப்பதைவிட அறைக்குள்தான் குளிர் அதிகம். அதனால் பகல் 12 மணிக்கு மாடிக்குப் போ. புத்தகத்தை எடுத்துக்கொண்டு போ. உன் விஜய் நகர் வீட்டுக்கார அம்மா மாடியில் ஆரஞ்சு உரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், நீயும் பக்கத்தில் போய் உட்கார். இந்தி சரியாக வராவிட்டால் பரவாயில்லை. விடிகாலையில் நடக்கப் போகாதே, பனியும் புகையும் சேர்ந்து கீழேயே நிற்கும், நெஞ்சுக்கு ஆகாது. காற்று மோசம் என்று செய்தியில் சொல்கிற அன்று என்95 மாஸ்க் போட்டுக்கொள். மழை பெய்து வெளுத்த மறுநாள் இன்னும் ஜாக்கிரதையாக இரு. மேகம் போனதும் இமயமலைப் பனியைத் தொட்டுக்கொண்டு வடமேற்குக் காற்று இறங்கும், வானம் நீலமாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதே.

ஒரே தடிமனான ஜாக்கெட்டை நம்பாதே. மெல்லிய துணி மூன்று அடுக்காகப் போடு, நடுவில் நிற்கிற காற்றுதான் சூட்டைப் பிடித்து வைக்கும். உள்ளே தெர்மல், அதற்கு மேல் கம்பளி, வெளியே காற்று புகாத ஒன்று. ஈர சாக்ஸோடு உட்காராதே. விரல் சிவந்து வீங்கி அரித்தால் கொதிக்கிற தண்ணீரிலும் வைக்காதே, ஹீட்டர் முன்னாலும் நீட்டாதே. மெதுவாகத்தான் சூடேற்ற வேண்டும். தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடி. கையில் இருப்பது போதவில்லை என்றால் திபெத்துக்காரர்கள் கடை இருக்கிற மஜ்னு கா டிலா உனக்குப் பக்கம்தானே, அங்கே போய் நல்ல கம்பளியாகப் பார்த்து வாங்கிக்கொள். பணம் போட்டிருக்கிறேன். மிச்சம் பிடிக்காதே.

ஹீட்டர் வேண்டாம் என்றாய், சரி. உன் அறைத்தோழி குளிர்காயக் கரி அடுப்பு, அங்கே சொல்கிற அங்கீட்டி, வைத்திருக்கிறாள் என்று அம்மாவிடம் ஒருநாள் சொன்னாயாம். கோமதி, அறைக்குள் அதை வைக்கவே கூடாது. யார் வைத்தாலும் எடுத்து வெளியே வை, சண்டை வந்தாலும் வரட்டும். கரி எரியும்போது வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடிக்கும். தூங்குகிறவர்களுக்குத் தெரியவே தெரியாது. வருஷா வருஷம் ஜனவரியில் பேப்பரில் வருகிறது. எந்த ஹீட்டர் ஆனாலும் ஜன்னலை ஒரு விரல் அளவாவது திறந்து வை. வெந்நீருக்கு வாளியில் போடுகிற கரண்ட் ராடை முதலில் தண்ணீருக்குள் விட்டுவிட்டு அப்புறம் சுவிட்சைப் போடு, சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்காமல் தண்ணீரைத் தொடாதே. பிளாஸ்டிக் வாளி, ராடு ஓரத்தில் படக்கூடாது. ஜன்னலை மறந்துவிடாதே.

ரிசல்ட் வந்த அன்று உன் மார்க்கை நான் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மார்க்கெட் முழுக்கச் சுற்றினேன், ஞாபகம் இருக்கிறதா? நம் தெருவில் இருந்து டெல்லி யுனிவர்சிட்டிக்குப் போன முதல் பிள்ளை நீ. இன்றைக்கும் பூ எடுக்க வருகிறவர்கள் "மக எப்படி இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் தராசைப் பார்க்கிறார்கள். நன்றாக இருக்கிறாள் என்று சொல்கிறேன். எனக்கு வேறு என்ன தெரியும்? சித்தப்பா பேரனின் பிறந்தநாளுக்குக்கூட நீ ஒரு வார்த்தை பேசவில்லை. வீடியோவில் கூப்பிட்டால் கேமராவை அணைத்து வைக்கிறாய். நெட் சரியில்லை என்கிறாய். ஆச்சி உன் முகத்தைப் பார்த்து 19 நாள் ஆகிறது, எண்ணிக்கொண்டிருக்கிறாள். பெற்றவர்களுக்கு முகத்தைக் காட்ட இவ்வளவு யோசிப்பாயா?

கோபத்தில் எழுதிவிட்டேன். எழுதியதை அடிக்காமல் அப்படியே விடுகிறேன்.

போன புதன்கிழமை மதியம் 2 மணிக்கு நீ எடுத்தபோது பின்னால் ரஜாய் உரசுகிற சத்தம் கேட்டது. எனக்கு அந்தச் சத்தம் தெரியும் பாப்பா.

இனி எழுதப்போவது உன் அம்மாவுக்கும் தெரியாது. "எம்புள்ள டெல்லில இருந்தவன்" என்று ஆச்சி ஊர் முழுக்கச் சொல்லுவாள். நானும் சொல்லியிருக்கிறேன். எவ்வளவு நாள் என்று யாரும் கேட்டதில்லை. 1994 அக்டோபர் 20 அன்று போய் இறங்கினேன், 1995 ஜனவரி 25 அன்று திரும்ப ரயில் ஏறினேன். 97 நாள்.

கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று ஆச்சியிடம் சொன்னேன். கம்பெனியை யாரும் மூடவில்லை, நான்தான் போகவில்லை. கரோல் பாகில் நான்கு பேர் ஒரே அறை. நவம்பர் வரை நன்றாகத்தான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆர்.கே.புரம் மலை மந்திருக்குப் போய் முருகனைக் கும்பிட்டுவிட்டு, திருநீற்றோடு பஸ்ஸில் திரும்புவேன். ஜனவரியில் வெயிலே வராத ஒரு வாரம் வந்தது. ஒருநாள் எழுந்திருக்க முடியவில்லை, காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துவிட்டேன். மறுநாள் காய்ச்சலும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை. மூன்றாம் நாள் போனால் என்ன கேட்பார்களோ என்று பயம். அதற்கப்புறம் போக முடியாமல் ஆகிவிட்டது. ரஜாய்க்குள் கிடந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஊருக்கு மட்டும் "நலம், வேலை நன்றாகப் போகிறது" என்று கார்டு போட்டேன்.

கூட இருந்தவர்களில் ஒரு அண்ணன், திருச்சிக்காரர். அவர்தான் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்து தலைமாட்டில் வைப்பார், ஒன்றும் கேட்கமாட்டார். ஒரு சாயந்தரம் எல்லோரும் வெளியே போயிருந்தபோது, கீழே காவல்காரர் பற்றவைத்திருந்த அங்கீட்டியை வாங்கி வந்து அறைக்குள் வைத்துக்கொண்டு, கதவு ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்துவிட்டுப் படுத்தேன். தலை கனத்தது. குளிரால் என்று நினைத்தேன். அந்த அண்ணன் அன்றைக்குச் சீக்கிரம் வந்துவிட்டார். கதவை உதைத்துத் திறந்து என்னை மாடிக்கு இழுத்துப்போனார். மாடியில் வாந்தி எடுத்தேன். அவர் வர ஒரு மணி நேரம் ஆகியிருந்தால் நீயும் இல்லை, உன் அண்ணனும் இல்லை.

அவர்தான் எனக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். ஸ்டேஷனில் தான் போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டார். திபெத்துக்காரர்களிடம் பேரம் பேசி வாங்கினேன் என்று உங்களிடம் நான் சொன்ன கதை பொய். அது அவருடைய ஸ்வெட்டர். எனக்கு இரண்டு கடிதம் போட்டார், எப்படி இருக்கிறாய் தம்பி என்று. இரண்டுக்கும் நான் பதில் எழுதவில்லை. எழுதினால் நடந்ததை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகும் என்று வெட்கம். இப்போது அவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாது. முப்பது வருஷமாக அந்த ஸ்வெட்டரை பீரோவில் வைத்துக்கொண்டு, டெல்லியை ஜெயித்தவன் மாதிரி உங்களிடம் பேசியிருக்கிறேன்.

நீ முதலில் மதுரை என்றாய். நான்தான் டெல்லி, டெல்லி என்று நின்றேன். என்னால் முடியாததை நீ முடிக்க வேண்டும் என்ற ஆசை. உன்னிடம் அதைச் சொல்லாமல் உன்னை அனுப்பினேன். அது என் தப்பு.

உனக்கு என்ன என்று நான் கேட்கவில்லை. நீ வகுப்புக்குப் போகிறாயோ, போகவில்லையோ, அப்பாவுக்குக் கணக்குக் காட்ட வேண்டாம். நம்மூரில் டிசம்பரிலும் பகல் 11½ மணி நேரம், அங்கே 10¼ மணி நேரம்தான், அதிலும் பாதி நாள் பனிமூட்டம். வெளிச்சம் குறைந்தால் சிலருக்கு மனசு அமுங்கிப்போகும். அது சோம்பேறித்தனம் இல்லை. அன்றைக்கு எனக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை. யாரிடமாவது பேசினால் தேவலை என்று தோன்றினால், 14416 என்று ஒரு நம்பர் இருக்கிறது, அரசாங்கத்துடையது, டெலி மானஸ் என்று பெயர். காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். நம் பெரியாஸ்பத்திரிச் சுவரில் எழுதிப் போட்டிருந்ததைக் குறித்துக்கொண்டு வந்தேன். கீழே மறுபடியும் எழுதியிருக்கிறேன்.

வீட்டுக்கு வர வேண்டும் என்று தோன்றினால் வா. பொங்கலுக்கு முன்னாலோ பின்னாலோ, எப்போது வேண்டுமானாலும். வந்து என்ன சொல்வது என்று கதை யோசிக்காதே, கம்பெனியை மூட வேண்டாம். ஆச்சியை நான் பார்த்துக்கொள்கிறேன். பத்து நாள் வெயிலில் இருந்துவிட்டுத் திரும்பப் போகலாம், போகாமலும் இருக்கலாம். இந்தக் கடிதத்தை அம்மாவிடம் இன்று ராத்திரி படித்துக் காட்டிவிட்டுத்தான் பெட்டியை ஒட்டுவேன்.

ஜன்னலை ஒரு விரல் திறந்து வை. 12 மணிக்கு மாடிக்குப் போ.

இப்படிக்கு,
அப்பா

14416

பின்குறிப்பு: வருவதாக இருந்தால் திருக்குறள் எக்ஸ்பிரஸில் வா, நேராகத் திருநெல்வேலியில் இறங்கிவிடலாம், நான் வந்து நிற்பேன். இந்த மாதம் பனியால் வண்டிகள் மணிக்கணக்கில் தாமதமாகின்றன. நிஜாமுதீனில் பிளாட்பாரத்தில் உட்காராமல் உள்ளே வெயிட்டிங் ஹாலில் இரு. ஸ்வெட்டரைப் போட்டுக்கொள். இரண்டு வேளைக்குச் சப்பாத்தி கட்டி வைத்துக்கொள், குடிக்கத் தண்ணீர் கூடவே வை.